அக்காவின் வலது கையும் நான் சொன்ன பொய்யும்

அக்காவின் முதல் வருஷத் திவசத்துக்கு வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் தம்பியின் வணக்கம். இந்த நினைவு மலரில் அக்காவின் மகள் எழுதிய கடிதம் இருக்கிறது, அத்தை வீட்டார் எழுதிய அஞ்சலி இருக்கிறது. என்னுடையதைக் கடைசிப் பக்கங்களில் போடச் சொன்னேன். இதை முதலில் படித்தால் மற்றதைப் படிக்க உங்களுக்கு மனசு வராது. எனக்கு நயமாக எழுத வராது. கோபம்தான் வரும், அது உங்களுக்கே தெரியும்.

அக்கா பிறந்தது கே.ஜி.கண்டிகைக்குப் பக்கத்தில், நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா கூலிக்குத் தறி ஓட்டிய வீட்டில். எனக்கு ஏழு வயது மூத்தவர். எங்கள் நைனா அடிக்கிற ஆள். நூல் அறுந்தால் அடி, சோறு குழைந்தால் அடி, மழை பெய்து தறியில் ஏற்றும் பாவு நூல் நனைந்தால் அதற்கும் எங்களுக்குத்தான் அடி. ஒருநாள் என்னைத் தறிமேடைக் காலில் கட்டிவைத்து விளாசினார். அக்காவுக்கு அப்போது பதினைந்து இருக்கும். ஓடி வந்து நைனா ஓங்கிய கையைப் பிடித்துக்கொண்டார். "இதுக்கு மேல ஒரு அடி வுட்டீன்னா, சீமெண்ணெய ஊத்தி தறியக் கொளுத்திடுவேன் நைனா" என்றார். அவர் சொன்னால் செய்வார் என்று நைனாவுக்குத் தெரியும். கையை இறக்கிவிட்டார்.

இன்னொரு நாள் தறியில் குறுக்கே ஓடும் நாடா தெறித்து வந்து அக்காவின் தாடையில் விழுந்தது. கடைவாய்ப்பல் ஒன்று உடைந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, வாயில் துணியை அடைத்துக்கொண்டு அந்தப் பாவு நூலை நெய்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். வலி என்று அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. அந்தக் குணம் பின்னால் அவரைக் கொல்லப் பார்த்தது.

அக்கா திருத்தணியில் வாழ்க்கைப்பட்டார். அக்கா வீட்டுக்காரரை நான் பாவா என்பேன். வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் நான்கு பவர்லூம் தறிகள். நைனா போன பிறகு அம்மாவையும் என்னையும் அக்காதான் அழைத்து வந்து அதே தெருவில் குடிவைத்தார். பாவாவோடு நான் தறி ஓட்டினேன். அக்கா நூலைக் கண்டாகச் சுற்றினார், சமைத்தார், எங்கள் எல்லோரையும் திட்டினார்.

குளிக்கும்போது வலது மார்பில் கட்டி கையில் தட்டுப்பட்டதை அக்கா ஐந்து மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்திருந்தோம். அது நல்லபடியாக முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார். பிறகு சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மார்பை எடுத்தார்கள், அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள். அதற்கப்புறம் கீமோ. மருந்து ஏற்றிக்கொண்டு மின்சார ரயிலில் திரும்பி வரும்போது, மடியில் பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டு திருத்தணி வரைக்கும் வாந்தி எடுப்பார். யாராவது மூக்கைப் பொத்தினால் நான் சண்டைக்குப் போவேன். அக்கா என் சட்டையைப் பிடித்து உட்கார வைப்பார்.

உயிர் பிழைத்தார். பிழைத்தவரை நாம் எப்படி நடத்தினோம் என்பதை எழுதாமல் விட்டால் இந்த மலரை அச்சடித்ததே வீண். அரக்கோணத்தில் நம் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் ஆரத்தி எடுக்க அக்கா தட்டைத் தொட்டபோது ஓர் அம்மாள் தட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மொட்டைத் தலையும் ஒற்றை மார்பும் ஆரத்திக்கு ஆகாதாம். தட்டு கவிழ்ந்து சிவப்புத் தண்ணீர் அக்காவின் புடவையெல்லாம் தெறித்தது. நான் அந்த அம்மாளின் மகனை அடித்தேன். பந்தலில் நாற்காலிகள் பறந்தன. அக்கா அந்தப் புடவையோடே போய் ரயிலேறிவிட்டார்.

அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. என் பெண் சுமங்கலி என்று ஊர் பார்க்கட்டும் என்று, ஆடிக் கிருத்திகையன்று மலைக்கு அழைத்துப் போய்க் கும்பிட்டுவிட்டு, கீழே கடையில் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கி இரண்டு கையிலும் டஜன் டஜனாக ஏற்ற வைத்தார். கையைப் பிடித்தாற்போல் இருந்தால்தான் அழகு என்பது அம்மாவின் எண்ணம். வளையல்காரர் சோப்பு நுரையைத் தடவி, கட்டைவிரலை மடக்கி, எலும்பு நசுங்க ஏற்றினார். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையில் இறுக்கமாக எதையும் போடக்கூடாது என்று சென்னையில் எழுதிக் கொடுத்த சீட்டு, எங்கள் வீட்டு நாள்காட்டி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் யாரும் அதைப் படிக்கவில்லை.

ஒரு மாதத்தில் வலது புறங்கை உப்பியது. வளையல்கள் சதைக்குள் புதைய ஆரம்பித்தன. இங்கேதான் எங்கள் புத்தி வேலை செய்தது. ஏரிக்குக் கரை மாதிரி வளையல் வீக்கத்தை மேலே ஏறவிடாமல் தடுக்கும் என்று அம்மா சொன்னார். நானும் ஆமாம் என்றேன். கழற்றலாமா என்று கேட்ட அக்காவை நான்தான் அதட்டினேன். பிறகு தறியில் ஒரு கம்பி கீறியது. கடுகளவு கீறல்தான். இரண்டாம் நாள் கை முழங்கை வரை ரத்தச் சிவப்பாகி, ஜுரத்தில் அக்காவின் பற்கள் கிட்டிக்கொண்டன.

பக்கத்தில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அதன் பெயர் வேண்டாம். அங்கேதான் நர்சம்மாவை முதன்முதலாகப் பார்த்தோம். ஐம்பதை ஒட்டிய வயது, குள்ளம், கணீரென்ற குரல். வந்ததும் கையைப் பார்த்துவிட்டு, "இத்த யாரு போட்டது? இது கையா, கரும்புக் கட்டா?" என்று கத்தினார். வளையலை எடுத்தாக வேண்டும் என்று அக்காவிடம் சொன்னார். "எடுத்துடுங்க சிஸ்டர், உயிரு போவுது" என்று அக்கா தன் வாயால் சொன்னார். சோப்பு போட்டுப் பார்த்தார், வரவில்லை. வளையலுக்கும் தோலுக்கும் நடுவே பஞ்சுத் துணியைச் செருகி, குறட்டால் ஒவ்வொன்றாக நெரித்து உடைத்தார்.

நானும் பாவாவும் சித்தப்பா மகன்கள் இருவரும் வெளியே மருந்துச் சீட்டோடு நின்றுகொண்டிருந்தோம். டீ வாங்கிக்கொண்டு அம்மா உள்ளே போனார். மகளின் கையில் கண்ணாடி நொறுங்குவதைப் பார்த்தார். நம் சனத்தில் வளையலை எப்போது உடைப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா போட்ட கூச்சலில் வார்டே திரும்பியது. "தாலி கட்னவன் குத்துக்கல்லாட்டம் வெளிய நிக்கிறான்! அதுக்குள்ள என் பொண்ணுக்கு வளையல ஒடைக்கிறியே, நீ பொம்பளையா?"

"அம்மா, வெளிய இருங்க. கை அழுகிடும்" என்றார் நர்சம்மா. திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த வளையலுக்குக் குறடு வைத்தார்.

நான் உள்ளே ஓடினேன். காரணம் கேட்கவில்லை. இரண்டு கையாலும் அவரைத் தோளில் தள்ளினேன். நைனாவின் பலம் எனக்கு. இரும்புக் கட்டிலின் முனையில் அவர் நெற்றி மோதியது. அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. பாவா மருந்து வண்டியை எட்டி உதைத்தார். சித்தப்பா மகன்கள் ஜன்னல் கண்ணாடியை உடைத்தார்கள். தரையெல்லாம் பச்சைக் கண்ணாடியும் ரத்தமும். அக்கா படுத்த படுக்கையில், "டேய், இன்னாடா பண்ண? இன்னாடா பண்ண பாவி?" என்று அலறிக்கொண்டே இருந்தார். ஜுரத்தில் அவரால் எழக்கூட முடியவில்லை.

நர்சம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. கையால் நெற்றியை அழுத்திக்கொண்டு, மிரண்டுபோய் நின்ற இன்னொரு நர்சிடம் சொன்னார்: "இன்னும் ரெண்டு வளையல் இருக்கு. அத முதல்ல எடு. அப்பறம் எடது கைல டிரிப்பு போடு. அதுக்கப்பறம் என்னப் பாக்கலாம்."

அவருக்கு மூன்று தையல் போட்டார்கள். அக்காவின் கை பிழைத்தது. அரை நாள் தாமதித்திருந்தால் விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

போலீஸ் வந்தது. நர்ஸ் மரியாதை இல்லாமல் நடந்துகொண்டார், அக்கா வேண்டாம் வேண்டாம் என்று அழுதும் வளையலை உடைத்தார், ஈரத் தரையில் தானே வழுக்கி விழுந்தார் என்று நான் எழுதிக் கொடுத்தேன். அதன் கீழே பாவா, அம்மா, சித்தப்பா மகன்கள் இருவர், எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். தெருவே திரண்டு வந்து வாசலில் நின்றதும் ஆஸ்பத்திரிக்காரர்கள் பயந்துபோனார்கள். நர்சம்மாவை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பினார்கள். அவருக்குக் கொடுத்த சான்றிதழில், நோயாளியிடம் முறைகேடாக நடந்ததால் நீக்கப்பட்டார் என்று ஒரு வரி எழுதினார்கள். நாங்கள் ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வீட்டில் கறி சமைத்தோம்.

அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. ஜுரம் தணிந்து வீட்டுக்கு வந்த பிறகு, கட்டுப் பிரிக்கப் போன இடத்தில் நர்சம்மாவைத் தேடியிருக்கிறார். பெருக்குகிற அம்மாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். குழம்புச் சட்டியில் கிடந்த அகப்பையை இடது கையால் எடுத்து என் தலையிலும் முதுகிலும் அடித்தார். காம்பு உடையும்வரை அடித்தார். "பொய் சொல்லி ஒரு பொம்பள வயித்துல அடிச்சிட்டு வந்து, என் கைல சோறு துன்றியா? நைனாகூட அடிச்சாருன்னா அடிச்சேன்னு ஒத்துக்குவாருடா!"

மறுநாள் தனியாக ரயிலேறிப் போய்விட்டார். அரக்கோணத்தில் நான்கு கட்டில் போட்ட ஒரு சின்ன கிளினிக்கில் நர்சம்மா சேர்ந்திருந்தார். அந்தச் சான்றிதழோடு வேறு எங்கேயும் எடுக்கவில்லை. இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர், அங்கே ஊசி போட்டு, கட்டில் துடைத்து, சீட்டும் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று அக்கா கடைசிவரை எங்களுக்குச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நர்சம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். நெற்றியில் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. நான் கதவை மறித்தாற்போல் நின்றுவிட்டேன், நகரத் தெரியவில்லை.

"உன் மேல கோவம் இருக்குது தம்பி. நான் சாவற வரைக்கும் இருக்கும். இப்ப உங்க அக்கா கையப் பாக்கணும், வழிய வுடு" என்றார்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் அக்கா உயிரோடு இருந்தார். டாக்டர்கள் புற்றுநோயை வெட்டி எடுத்தார்கள், அவர்களுக்குக் கோடி நன்றி. ஆனால் வெட்டிய பிறகு ஒரு பெண் எப்படி வாழ வேண்டும் என்பதை அந்த அம்மாள்தான் கற்றுக்கொடுத்தார். டேப்பை எடுத்து இரண்டு கையையும் மணிக்கட்டில், முழங்கையில், மேலே என்று அளந்து நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பார். சுவரில் விரல்களை மெல்ல மேலே நகர்த்திக் கையை உயர்த்தப் பழக்கினார். தோலை மெதுவாக மேல்நோக்கி நீவிவிட மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தறி ஷெட்டில் ஒரு மணி நேரம் நின்று, அக்கா எந்த வேலையில் வலது கையை எப்படிப் போடுகிறார் என்று பார்த்தார். பிறகு கண்டுக் கூடையை இடுப்பு உயரத்துக்கு ஏற்ற வைத்தார், தூக்குகிற வேலையெல்லாம் எனக்கு என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து கூடைகளை நான்தான் தூக்கினேன்.

மார்பு இல்லாத இடத்தில் அக்கா கழிவு நூலைப் பந்தாகச் சுருட்டி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அது தழும்பில் உரசிப் புண்ணாகியிருந்தது. வீட்டில் நாங்கள் ஒருவரும் பார்த்ததில்லை. நர்சம்மா பார்த்தார். பழைய பருத்திப் புடவையைத் தைத்து, உள்ளே பஞ்சை அடைத்து, சரியான கனத்துக்கு வரும்வரை பிரித்துப் பிரித்துத் தைத்தார்கள் இரண்டு பேரும். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்ற அன்று அக்கா அழுததைப் பார்த்தேன். அதுவரை நைனா செத்தபோதுகூட அழாதவர்.

தினமும் போட வேண்டிய மாத்திரையால் உடம்பு கொதிக்கிறது, மூட்டு வலிக்கிறது என்று அக்கா அதை ரகசியமாக நிறுத்தியிருந்தார். நர்சம்மா மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். அன்றைக்கு இரண்டு பேரும் போட்ட சண்டை தெருமுனை வரை கேட்டது. கடைசியில் டாக்டரிடம் அழைத்துப் போய், வலியைச் சொல்லி, அதற்கும் ஒரு வழி கேட்டு வந்து, மறுபடி மாத்திரையைப் போட வைத்தார். வலியை வாய்விட்டுச் சொல்ல அக்கா அப்போதுதான் கற்றுக்கொண்டார்.

பாவா ஆபரேஷனுக்குப் பிறகு தறி ஷெட்டில்தான் படுத்தார். இதை எழுதலாம் என்று அவரே சம்மதித்தார். ஒருநாள் நர்சம்மா ஷெட்டுக்குள் போய், "இது ஒட்டற நோய் இல்ல சார். அவங்க பக்கத்துல போய் உக்காருங்க. ஒடம்புல பாதி போனதவிட நீங்க தள்ளிப் போனதுதான் அவங்களுக்கு வலிக்குது" என்றார். பாவா மானம் போன கோபத்தில் தறிக்கட்டையைத் தூக்கிவிட்டார். "ஏற்கனவே மூணு தையல் இருக்குது. இன்னும் மூணு போட்டாலும் சொல்ல வந்தத சொல்லிட்டுத்தான் போவேன்" என்றார் நர்சம்மா. பாவா கட்டையைக் கீழே போட்டார். அந்த வாரமே பாய் வீட்டுக்குள் வந்தது.

வலது கையில் ஊசி கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது என்று எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சொல்லும்படி நர்சம்மா பழக்கியிருந்தார். அக்கா அதைச் சொன்ன விதம் வேறு. ஓரிடத்தில் கேட்காமல் வலது கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிய பையனிடமிருந்து அதைப் பிடுங்கி வீசிவிட்டு, "கேட்டுட்டு கைய வையிடா!" என்று கர்ஜித்தார். இதே நோயிலிருந்து மீண்ட பெண்கள் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்தும் வரத் தொடங்கினார்கள். நர்சம்மா தெலுங்கிலும் தமிழிலும் சொல்லிக் கொடுப்பார், அக்கா பஞ்சு மார்பு தைத்துக் கொடுப்பார். செக்கப்புக்குப் போகாதவர்களுக்கு இரண்டு பேரிடமும் திட்டு கிடைக்கும்.

இடுப்பு வலி என்று அக்கா சொன்ன அன்றே நர்சம்மா ஸ்கேனுக்கு அனுப்பினார். நோய் எலும்புக்கு வந்திருந்தது. அதன் பிறகு ஒன்றேகால் வருஷம். மருந்துகளும் கதிர் வைத்தியமும் வலியைத் தள்ளிப்போட்டன, சாவைத் தள்ள முடியவில்லை. கடைசி மாதங்களில் நர்சம்மா லீவு நாளெல்லாம் எங்கள் வீட்டில்தான். முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தார், வாய்ப்புண்ணைத் துடைத்தார், வலி மருந்தை நேரம் தவறாமல் கொடுக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரு காலை நேரம் கஞ்சியைத் தள்ளிவிட்டு அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"நான் போனா மலரு போடுவீங்க இல்ல?"

"இன்னாக்கா பேச்சு இது?"

"போடுவீங்க. என்னப் பத்தி தங்கம் வைரம்னு பொய் எழுதுவீங்க, எழுதிக்கோ. அவுங்களப் பத்தின பொய்ய மட்டும் வுட்டு வெக்காத. எட்டு வருஷமா நீ சொல்லுவேன்னு பாத்துகினு இருக்கேன்."

"ஆங்" என்றேன். அன்று மாலையே நர்சம்மா கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, காலில் விழப்போனேன். அவர் நகர்ந்துகொண்டார். "என்கிட்ட சொல்லி இன்னா பண்றது? நீ தள்ளினது எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்க கிட்ட போய்ச் சொல்லு" என்றார். நாளைக்கு, நாளை மறுநாள் என்று தள்ளினேன். பதினோராம் நாள் அக்கா போய்விட்டார். சொல்லிவிட்டேன் என்று அவரிடம் சொல்லும் வாய்ப்பை நானே கெடுத்துக்கொண்டேன். அந்த வலி என்னோடு இருக்கட்டும், எனக்கு வேண்டியதுதான்.

அக்காவுக்குச் சென்னையில் வைத்தியம் பார்த்த டாக்டர்களுக்கும், ரயிலில் எழுந்து இடம் கொடுத்த முகம் தெரியாதவர்களுக்கும், ரத்தம் கொடுத்த பையன்களுக்கும், கடைசி நாளில் தறிகளை நிறுத்திவிட்டு வந்து நின்ற தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நர்சம்மாவைக் கூப்பிட்டேன். டூட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவருக்கு நன்றி என்று எழுத எனக்கு இன்னும் யோக்கியதை வரவில்லை.

நான் அன்று எழுதிக் கொடுத்தது பொய் என்று இப்போது எழுதி வைத்திருக்கிறேன். சாப்பாடு முடிந்ததும் அதை போலீஸ் ஸ்டேஷனிலும், பிறகு அந்த ஆஸ்பத்திரியிலும் கொடுக்கப் போகிறேன். உள்ளே வைத்தால் வைக்கட்டும். அம்மா தானும் வருவதாகச் சொல்லிவிட்டார். பாவா இன்னும் பதில் சொல்லவில்லை. சித்தப்பா மகன்களே, நீங்கள் இரண்டு பேரும் இதை இப்போதுதான் படிக்கிறீர்கள். ஷேர் ஆட்டோ மூன்று மணிக்கு வாசலுக்கு வரும். ஐந்து பேருக்கு இடம் இருக்கிறது.